ஓடையோரத்தில் பதினொரு செடிகள்

பதினோராவது செடியும் அன்று காலை செத்துக் கிடந்தது.

காரை நிறுத்துவதற்குள் அந்தச் செய்தி வாசல் கேட்டுக்கே வந்துவிட்டது. சுமந்து வந்தவள் வீட்டுக்காரரின் அக்கா. அறுபத்தெட்டு வயது. கையில் கருகிய பெரணி ஒன்று, முகத்தில் எழுதி முடித்த தீர்ப்பு.

"துப்பறியறவங்க நீங்கதானா? இதுல துப்பறிய என்ன இருக்கு? யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரியும். உங்களை வரச்சொன்னாளே, அவதான்."

"அப்ப வேலை சுலபம்," என்றான் கொழுந்தன். "குற்றவாளியே போன் பண்ணிக் கூப்பிட்டிருக்காங்க. அண்ணி, இப்படியே திரும்பிடலாமா? மதியச் சாப்பாட்டுக்கு வீட்ல இருக்கலாம்."

"தம்பி, வண்டியைப் பூட்டு," என்றாள் அண்ணி.

இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்தவள் அவள். எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட குடோன்களில் எரியாமல் இருந்ததைத் தேடிக் கண்டுபிடித்துப் பேர் வாங்கியவள். வேலையை விட்டதும் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். கார் ஓட்டவும் கதவைத் தட்டவும் கணவரின் தம்பி சேர்ந்துகொண்டான். ரேடியோவில் விளம்பரம் படித்துக்கொண்டிருந்தவன். ரேடியோ வேலை நின்றது, வாய் நிற்கவில்லை. அவன் நிமிஷத்துக்கு நாலு தரம் "அண்ணி" என்று கூப்பிட்டதில், போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் அவள் எல்லோருக்கும் அண்ணியாகிவிட்டாள்.

கூப்பிட்டவள் உள்ளே காத்திருந்தாள். ஐம்பத்தொரு வயது. நகர நூலகத்தில் வேலை பார்த்து, போன வருஷம்தான் கல்யாணம் செய்துகொண்டவள். அவளுக்கு அது முதல் கல்யாணம். வீட்டுக்காரருக்கு இரண்டாவது. அவர் ஓய்வு பெற்ற ரயில் டிரைவர். முதல் மனைவி இறந்து நாலு வருஷம்.

"ஆறு வாரமா நடக்குது மேடம்," என்றாள் நூலகக்காரி. சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாத குரல். "வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டு. எல்லாம் அவரோட முதல் சம்சாரம் கையால வெச்ச செடி. அவங்க மேல பொறாமைப்பட்டு நான் கொல்றேன்னு அவரோட அக்கா சொல்றாங்க. அவர் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறார். என்னை நிமிர்ந்துகூடப் பாக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்களை எல்லாம் கூப்பிட்டு, நான் இந்த வீட்ல இருக்கணுமா வேணாமான்னு பேசப்போறாங்களாம். ஒரு வருஷம்கூட ஆகல."

"உங்களுக்கு அவங்க மேல பொறாமை இருக்கா?"

நூலகக்காரி யோசித்துத்தான் பதில் சொன்னாள். "இல்ல. நான் முன்னபின்ன பாத்ததில்ல. போட்டோவில நல்லா இருக்காங்க. அவ்வளவுதான்."

தெருவிலிருந்து பார்த்தால் அந்தப் புறநகர்த் தெருவின் எல்லா வீடுகளையும் போல ஒரு சாதாரண வீடு. பின்கதவைத் திறந்ததும் கொழுந்தன் வாயடைத்து நின்றான். அது சுலபத்தில் நடக்கிற காரியமில்லை.

தோட்டம் சரிந்து இறங்கி, நாலு எட்டில் தாண்டிவிடக்கூடிய ஓர் ஓடையில் போய் முடிந்தது. உயர்ந்த மரங்கள் மேலே கைகோத்துக்கொண்டு வெயிலைச் சில்லறையாக மாற்றிக் கீழே விட்டன. பாசி படிந்த கற்கள், கற்களுக்கிடையே பெரணிகள், இலையே பூப்போல இருக்கும் பெகோனியாக்கள், மரத்தண்டுகளில் கட்டிவைத்த ஆர்க்கிடுகள். ஒவ்வொரு செடியின் காலடியிலும் பெயர் எழுதிய சின்ன வெள்ளை பிளாஸ்டிக் பட்டை.

"மொத்தம் எத்தனை செடி?" என்றாள் அண்ணி.

"இருநூறுக்கு மேல. எல்லாமே அவங்க வெச்சதுதான்."

"செத்தது பதினொண்ணு."

அண்ணி முதல் செடியின் அருகே குந்தி உட்கார்ந்தாள். கருகிய பெரணியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பாசி பழுத்திருந்தது. வட்டத்துக்கு வெளியே இருந்த பெகோனியாவின் ஒரு இலைகூட வாடவில்லை. இரண்டாவது செடியும் அப்படியே. மூன்றாவது செடி, இரண்டு பெகோனியாக்களுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. அதுவும் தனியாகத்தான் செத்திருந்தது.

மண்ணில் ஒரு வெள்ளைப் பொருக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தாள்.

"அண்ணி! அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"உப்பு," என்றாள் அண்ணி.

"அதான் சொல்றேன்!" பின்னாலேயே வந்திருந்த நூலகக்காரியின் நாத்தனார் கையைத் தட்டினாள். "சமையலறையில உப்பு டப்பா காலி. நானே பாத்தேன். சமையலறை யார் கையில இருக்கு?"

அண்ணி பாசிக்குள் விரலை விட்டு எதையோ எடுத்தாள். பாதி கரைந்த ஒரு கல். பட்டாணி அளவு.

"உங்க சமையலறையில இருக்கறது தூள் உப்பா, கல் உப்பா?"

"தூள்," என்றாள் நூலகக்காரி.

"கல் உப்பு இந்த வீட்ல எங்க இருக்கு?"

"குளியலறையில. அவருக்குக் குதிகால் வலி. இத்தனை வருஷம் எஞ்சின்ல நின்னே ஓட்டினது. டாக்டர் தினம் வெந்நீர்ல கல் உப்பு போட்டுக் காலை வெச்சுக்கச் சொன்னார். மூட்டையா வாங்கி வெச்சிருக்கோம்."

"அங்க யார் வேணா போய் அள்ளலாமே!" என்றாள் நாத்தனார்.

"அள்ளலாம்மா. நீங்களும் அள்ளலாம்," என்றான் கொழுந்தன் மரியாதையாக.

நாத்தனார் உள்ளே போய்விட்டாள். கதவு சாத்தப்பட்ட சத்தத்தில் மரத்திலிருந்து இரண்டு பறவைகள் கிளம்பின.

அண்ணி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "தம்பி, ஒருத்தி மேல எரிச்சல்னு வெச்சுக்கோ. அவ வெச்ச செடியை எல்லாம் ஒழிக்கணும்னு உப்புத்தண்ணியோட வர்றே. எப்படி ஊத்துவே?"

"வாளியோட கவுத்துருவேன். திரும்பிப் பாக்காம போயிருவேன்."

"இங்க ஒவ்வொரு செடிக்கும் குவளையால அளந்து ஊத்தியிருக்கு. பக்கத்துச் செடிக்கு ஒரு சொட்டுப் படல. செத்துப்போன அம்மாவை வெறுக்கற கை இதைச் செஞ்சிருக்காது. அவங்க வெச்ச மத்த செடிங்க பிழைச்சிருக்கணும்னு நெனச்ச கைதான் செஞ்சிருக்கு."

"அப்ப இந்தப் பதினொண்ணு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

"அதான் கேள்வி. இன்னொண்ணு பாரு. உயிரோட இருக்கற எல்லாத்துக்கும் பேர்ப்பட்டை இருக்கு. செத்ததுக்கு இல்ல. பட்டை சொருகியிருந்த கீறல் மட்டும் மண்ணுல இருக்கு."

"ஆளையும் கொன்னு, கல்லறையிலேருந்து பேரையும் பிடுங்கிட்டானா? ரொம்பக் கோபக்காரன்தான்."

அண்ணி நூலகக்காரியிடம் திரும்பினாள். "இந்தப் பட்டைகளை நீங்க எப்பவாவது தொட்டீங்களா?"

"ரெண்டு மாசம் முன்னாடி. எல்லாம் மண்ணும் பாசியுமா எழுத்தே தெரியாம இருந்துச்சு. லைப்ரரியில புஸ்தகத்துக்கு நம்பர் அழிஞ்சிருந்தா எனக்குக் கையை வெச்சுக்கிட்டு இருக்க முடியாது. எல்லாத்தையும் பிடுங்கி வாளியில ஊறப்போட்டேன். அவர்தான் உக்காந்து ஒண்ணொண்ணா துடைச்சு, திரும்ப அந்தந்த இடத்துல சொருகினார். எந்தச் செடிக்கு எதுன்னு அவருக்குத்தானே தெரியும்."

"எல்லாமே பிளாஸ்டிக்கா?"

"சிலது உலோகம். மெல்லிசா, பளபளன்னு. நான் எண்ணல மேடம்."

அண்ணி ஓடையின் போக்கையே பார்த்தாள். தண்ணீர் வேலியோரம் வரை சலசலத்துப் போய், தெருவுக்கு அடியில் போகும் குழாய் வாயில் ஓர் இரும்புக் கம்பிச் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. காய்ந்த இலைகள் அங்கே மெத்தைபோலச் சேர்ந்திருந்தன.

"பிடுங்கின பட்டையை வீட்டுக் குப்பையில போட முடியாது. யாராவது பாத்துருவாங்க. ஓடை யாரையும் கேள்வி கேக்காது. தம்பி, செருப்பைக் கழட்டு."

"நான் நினைச்சேன். தண்ணியைப் பாத்ததுமே நினைச்சேன், இது என் தலையிலதான் விடியும்னு."

இறங்கிய மூன்றாவது நொடியில் வழுக்கி உட்கார்ந்தான். இடுப்புவரை நனைந்த பிறகு இனி இழக்க ஒன்றுமில்லை என்ற தெளிவு வந்து, இலைக்குப்பையை இரண்டு கையாலும் வாரிக் கரையில் போட்டான். ஒரு சோப்பு டப்பா. ஒரு பொம்மைக் கை. அதன்பின், விரல் நீளத்தில் வளைந்துபோன ஓர் உலோகப் பட்டை.

முன்பக்கம் வெள்ளைப் பெயின்டில் உருண்டை எழுத்தில் செடியின் பெயர். மற்ற பட்டைகளில் இருந்த அதே கையெழுத்து, முதல் மனைவியுடையது. அண்ணி திருப்பினாள். பின்பக்கம் ஊசியால் கீறியதுபோல, எறும்பு வரிசை மாதிரி எழுத்துகள்.

'நிழலிலேயே இருக்கட்டும். வெயில் பட்டால் கோபித்துக்கொள்ளும், உங்களைப் போல.' அடியில் ஒரு தேதி. எட்டு வருஷத்துக்கு முந்தையது.

கொழுந்தன் சொட்டச்சொட்ட நின்று எட்டிப் பார்த்தான். "உங்களைப் போல" என்ற இடத்தில் விசில் அடிக்க வாயைக் குவித்தவன், நூலகக்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"இது பேனாவோ பெயின்டோ இல்ல," என்றாள் அண்ணி. "இவ்வளவு பொடியா, இவ்வளவு நேரா கீறறதுக்குப் பழகின கை வேணும். ரிப்பேருக்குக் கொடுத்த கைக்கடிகாரத்தோட பின்மூடியைத் திறந்து பாத்திருக்கியா? ரிப்பேர் பண்ணின தேதியை உள்ள இப்படித்தான் கீறி வெச்சிருப்பாங்க. நாம தெருவுல திரும்பினப்போ ஒரு போர்டு பாத்தோமே."

"கடிகாரம் பழுது பார்க்கப்படும். முள் ஒடிஞ்ச கடிகாரம் படம் போட்டு." கொழுந்தன் ஓடைக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டினான். "அண்ணி, அந்த வீட்டோட பின்பக்கம்தான் அது."

அக்கரையில் ஒரு சின்னத் தோட்டம் தெரிந்தது. அண்ணியும் கொழுந்தனும் கல்மேல் கால் வைத்துத் தாண்டிப் போனார்கள். அண்ணி அங்கே நடந்துகொண்டே விரல் விட்டு எண்ணினாள். இக்கரையில் செத்த பதினொரு வகையும் அங்கே தாய்ச்செடிகளாக, தழைத்து நின்றன.

கடிகாரக்காரர் பின்வராந்தாவில் நெற்றியில் லென்ஸோடு உட்கார்ந்திருந்தார். எழுபது இருக்கும். அண்ணி நீட்டிய பட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நான் கீறினதுதான். எனக்குப் பேச வராது. அதனால எழுதிக் கொடுப்பேன்."

"அவங்க என்ன பதில் சொல்லுவாங்க?"

"ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. மறுநாள் ஓடைக்கு அந்தப் பக்கத்திலேருந்து ரெண்டு பழம் நீட்டுவாங்க. செடி பிழைச்சிருச்சுன்னு சொல்லுவாங்க. ஒம்பது வருஷத்துல பதினொரு செடி கொடுத்தேன். கொடுக்கணும்னு நெனச்சது வேற. தைரியம் வரல."

"நீங்க கொடுத்த தேதியெல்லாம் அவங்க வீட்டுக்காரர் ஊர்ல இல்லாத நாளா இருக்குமே?"

குற்றம்சாட்டும் கேள்விதான். கிழவர் கோபப்படவில்லை. லென்ஸைக் கழற்றித் துடைத்தார்.

"இருக்கும். வேற எப்படி இருக்கும்? அவர் வண்டி திரும்பற அன்னிக்கு அந்தம்மா தோட்டத்துப் பக்கமே வரமாட்டாங்க. காலையிலேருந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துக்கிட்டிருப்பாங்க. அவர் வீட்ல இருக்கற மூணு நாளும் இந்தப் பக்கம் தலையே தெரியாது. நான் இங்க உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். அந்த மனுஷன் மேல நான் பட்ட பொறாமை இருக்கே... இப்ப சொல்றதுக்கென்ன."

திரும்பி வந்ததும் அண்ணி நூலகக்காரியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவர் டூட்டி டைரி வெச்சிருப்பாரா?"

இருந்தது. படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், வருஷத்துக்கு ஒன்றாக முப்பத்தொரு கறுப்பு டைரிகள். எல்லாவற்றின் தலையிலும் தூசி, நடுவில் இருந்த ஒன்பதைத் தவிர. அண்ணி ஒன்றை உருவிப் பட்டையில் இருந்த தேதியைப் புரட்டினாள். 'வெளியூர் தங்கல்' என்று நீல மையில் எழுதியிருந்தது. பக்கத்தில் பென்சிலால் புதிதாக ஒரு டிக்.

ஒன்பது டைரிகளையும் பார்த்து முடித்தபோது டிக் பதினொன்று ஆகியிருந்தது.

நூலகக்காரி கட்டில் நுனியில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் அந்த வாளியைக் கொண்டுபோய் அவர் முன்னாடி வெச்சேன்," என்றாள்.

ரயில் டிரைவர் தோட்டத்துக் கோடியில், ஓடையைப் பார்த்துப் போட்ட பெஞ்சில் இருந்தார். பெரிய உருவம். அண்ணி அந்த உலோகப் பட்டையை அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"கிடைச்சிருச்சா," என்றார்.

"ஒண்ணுதான் கிடைச்சுது. மத்த பத்துலயும் இதே மாதிரியா?"

"எல்லாம் மனப்பாடம். சொல்லட்டுமா?" அக்கரையைப் பார்த்தார். "மேடம், நான் மூணு நாள் வண்டியில இருப்பேன். அவ இங்க தனியா இருக்காளேன்னு ஒவ்வொரு சிக்னலுக்கும் கவலைப்படுவேன். அவ தனியா இல்ல. இங்க ஒருத்தன் அவளுக்குக் கோபம் வந்தா எப்படி இருக்கும்னு எழுதிக்கிட்டிருந்திருக்கான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன்."

"அதுக்காகச் செடியைக் கொல்லணுமா?"

"அவ உயிரோட இருந்தா சண்டை போட்டிருப்பேன். கத்தியிருப்பேன், அவளும் கத்தியிருப்பா, முடிஞ்சிருக்கும். இப்ப யாரைப் போய்க் கேக்க? தினம் ரெண்டு காலையும் உப்புத்தண்ணியில வெச்சுக்கிட்டு இங்கயே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒருநாள் ஒரு குவளை எடுத்து ஊத்தினேன்."

"பழி உங்க இப்போதைய மனைவி மேல விழுந்துச்சே, சார்," என்றான் கொழுந்தன். அதில் கிண்டல் துளியும் இல்லை.

"அதைச் சொன்னா இதையும் சொல்லணும்ல தம்பி. இந்த வயசுல, செத்துப்போனவ மேல சந்தேகப்படறேன்னு எந்த வாயால சொல்றது?"

அண்ணி கடிகாரக்காரர் சொன்னதை அப்படியே சொன்னாள். வண்டி திரும்பும் நாளில் வாசலுக்கும் உள்ளுக்குமான அந்த நடையை. மூன்று நாளும் தோட்டத்தில் தலை தெரியாததை. அக்கரையில் இருந்துகொண்டு பொறாமைப்பட்டது யார் என்பதை.

பெரிய உருவம் சிறுத்துப்போனது. அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "வாசலுக்கா?" என்றார். "எனக்காகவா?" மறுபடி, "என்கிட்ட சொன்னதே இல்லையே அவ."

அப்போதுதான் பின்னால் நின்றிருந்த நூலகக்காரி பேசினாள்.

"ஆறு வாரமா இந்த வீட்ல நான் பொறாமைக்காரி. கேட்டுக் கேட்டு, இருக்குமோன்னு எனக்கே சந்தேகம் வந்து தேடிப் பாத்தேன். இல்ல. சத்தியமா இல்ல. இப்ப இருக்கு."

அவர் தலை நிமிர்ந்தது.

"அவங்க போய் நாலு வருஷம். இன்னும் அவங்களுக்காக டைரி புரட்டறீங்க, டிக் போடறீங்க, ராப்பகலா வேகறீங்க. உங்க அக்கா என்னை வெளிய அனுப்பறதுக்கு ஆள் சேர்க்கறாங்க, நீங்க காலை ஊறவெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. செத்தவங்க மேல படற பொறாமையில பத்துல ஒரு பங்கு என் மேல படுவீங்களா? நான் யார்கூடப் பேசினாலும் உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே!"

தன் குரல் இவ்வளவு உயரும் என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. மூச்சு வாங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல்ல உள்ள போய் உங்க அக்காகிட்ட சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க. எல்லாத்தையும்."

அவர் எழுந்து நொண்டிக்கொண்டே போனார். சமையலறை ஜன்னல் வழியாக நாத்தனாரின் குரல் உரக்கக் கேட்டது. பிறகு தாழ்ந்தது. பிறகு கேட்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை மீட்டிங் கேன்சல்," என்றான் கொழுந்தன் மெதுவாக.

நூலகக்காரி அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடைக்கல்லில் கால் வைத்திருந்தாள். "செத்த இடமெல்லாம் பல்லு போன மாதிரி இருக்கு மேடம். பதினொரு கன்னு இருக்கான்னு கேட்டுட்டு வரேன். செடி என்ன பண்ணும் பாவம்."

அவள் அக்கரை ஏறுவதும், கடிகாரக்காரர் எழுந்து வருவதும், இருவரும் செடிகளுக்கு நடுவே குனிவதும் தெரிந்தது. ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. கிழவர் ஏதோ ஒரு கன்றைத் தூக்கிக் காட்டி ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். இந்த வீட்டில் இத்தனை நாளும் யாரும் கேட்டிராத, வாய்விட்ட சிரிப்பு.

ரயில் டிரைவர் திரும்பி வந்து பெஞ்சருகே நின்றார். சிரிப்புச் சத்தம் வந்த திசையைப் பார்த்தார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். மறுபடி பார்த்தார்.

"பேச வராதுன்னு சொன்னானாமே அந்த ஆள்," என்றார்.

அண்ணி விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

அக்கரையில் மறுபடியும் சிரிப்பு. அவர் கழுத்தை நீட்டினார்.

"செடி கேக்கப் போனவளுக்கு அங்க என்ன அவ்வளவு நேரம் பேச்சு?"

கொழுந்தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

"அதை என்கிட்ட கேக்காதீங்க சார்," என்றாள் அண்ணி. "அவங்ககிட்டயே கேளுங்க. நல்லா சத்தமா கேளுங்க."

ரயில் டிரைவர் அதற்குமேல் காத்திருக்கவில்லை. கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, கல்லைத் தேடிக்கூடப் பார்க்காமல், நேராக ஓடைக்குள் இறங்கினார்.